தாழ்ந்து ஒலித்த அட்டை

2000ஆம் ஆண்டளவில் மடிக்கணினியை வலையமைப்புடன் இணைப்பதற்குப் பெரும்பாலும் பக்கவாட்டிற் செருகும் சிற்றட்டையே துணை. லினக்ஸ் கணினிகளில் அவ்வட்டைகளை ஆண்ட மென்பொருளை டேவிட் ஹைன்ட்ஸ் ஆக்கியிருந்தார். அட்டையை அடையாளங்கண்டதும் கணினி உயர்ந்த தொனியில் ஒலிக்கும், அட்டை இயங்கத் தொடங்கினால் இரண்டாம் ஒலியும் உயர்ந்தேயிருக்கும், இயங்காவிடின் தாழும்.

மாணவனொருவன் ஒருநாள் அட்டையைச் செருகினான். முதல் ஒலி உயர்ந்தது, இரண்டாவது தாழ்ந்தது. முந்திய நாள்வரை இயங்கிய அட்டை. புதியது வாங்கப் பணமில்லை. கழற்றித் துடைத்து மீண்டும் செருகினான். அதே ஒலிகள். அட்டை பழுதென்றே முடிவுசெய்தான்.

ஆயின், முதல் ஒலி உயர்ந்ததேன்? கணினி அட்டையை அடையாளங்கண்டிருக்கிறது. குறை அதற்கு அப்பால் உள்ளது. கணினியின் பதிவேட்டைத் திறந்து படித்தான். விடை அங்கே இருந்தது. முந்திய இரவு அவனே லினக்ஸின் கருநிரலைப் புதுப்பித்திருந்தான். அட்டையின் இயக்கியோ பழைய கருநிரலுக்கெனத் தொகுக்கப்பட்டது. இரண்டும் பொருந்தவில்லை.

மூலநிரல் கையிலிருந்தது. இயக்கியைப் புதிதாகத் தொகுத்தான். உயர்ந்த ஒலிகள் இரண்டு கேட்டன.

மூலநிரல் மறைக்கப்பட்டிருப்பின் அவன் அட்டையை எறிந்திருப்பான். தன் தவற்றை அறிந்திருக்கமாட்டான். திறந்த மென்பொருள் விலையின்றிக் கிடைப்பது நன்றே. அதனினும் பெரிது, தன் பிழையைத் தானே கண்டு திருத்தும் உரிமை.