தோற்றவர்களின் பள்ளி

லடாக்கின் லே நகரிலிருந்து சுமார் 18 கி.மீ. தொலைவில், சிந்து நதிக்கரையில் ஃபே கிராமத்தருகே இருக்கிறது செக்மால் வளாகம். குளிர்காலத்தில் வெளியே மைனஸ் 15 டிகிரி. தெற்கு நோக்கிய மண் கட்டடங்களுக்குள் அடுப்பில்லாமலே 15 டிகிரி வெதுவெதுப்பு. பகல் வெயிலைச் சுவர்கள் இரவுக்குச் சேமித்து வைக்கின்றன.

பத்தாம் வகுப்பில் தோற்றவர்களுக்கென்றே எழுந்த வளாகம் இது. 1988இல் லடாக் இளைஞர்கள் சிலர் செக்மாலைத் தொடங்கியபோது, தேர்வெழுதியவர்களில் நூற்றுக்கு 95 பேர் தோற்றுக்கொண்டிருந்தார்கள். குறை பிள்ளைகளிடம் இல்லை. வீட்டில் லடாக்கி, எட்டாம் வகுப்பு வரை உருது, ஒன்பதில் திடீரென்று ஆங்கிலம். மழையே அரிதான ஊரில், பாடப்புத்தகத்தில் தென்னை மரமும் பருவமழையும்!

1994இல் அரசும் செக்மாலும் கிராமத்தாரும் கைகோத்தார்கள். ஆசிரியர்களுக்குப் பயிற்சி, லடாக்குக்கேற்ற பாடநூல்கள், ஊர்தோறும் கல்விக் குழு. 2015இல் தேர்ச்சி 75 சதவீதத்தைத் தொட்டது.

வளாகத்துக்கு வரும் தன்னார்வத் தொண்டர்களுக்கு முக்கிய வேலை பாடம் நடத்துவதல்ல, பேசுவது. மாணவர்களோடு வட்டமாக உட்கார்ந்து ஆங்கிலத்தில் உரையாட வேண்டும். சமையல், தோட்டம், கணக்கு எல்லாவற்றையும் மாணவர்களே முறைவைத்துக் கவனிக்கிறார்கள். தொண்டரும் அவர்களோடு சேர்ந்து காய் நறுக்கலாம்.

கற்பிக்க வந்தவருக்கு இது சற்று ஏமாற்றமாகக்கூட இருக்கலாம். ஆனால் அவர் சில வாரங்களில் மலையிறங்கிவிடுவார். பனி விழும்போது பள்ளியோடு இருக்கப்போவது ஊர்க்காரர்கள்தான்.