ஒரு 'ஆகவே'

களக்காட்டு டீக்கடையில ஒரு அண்ணாச்சி அடிச்சுச் சொன்னாரு: "மாஞ்சோலை புலிகள் காப்பகத்துக்குள்ள இருக்கு. 1929-ல போட்ட 99 வருசக் குத்தகை 2028-ல முடியுது. ஆகவே, தொழிலாளிங்க வெறுங்கையோட இறங்க வேண்டியதுதான்."

நானும் தலையாட்டினேன். பக்கத்துல இருந்த நண்பனுக்கு ஊத்து எஸ்டேட். அவன் பேசவே இல்ல.

வீட்டுக்கு வந்தப்புறந்தான் உறைச்சது. சொன்ன தகவலெல்லாம் சரி. ஆனா குத்தகை சிங்கம்பட்டி ஜமீனுக்கும் பாம்பே பர்மா கம்பெனிக்கும் நடுவுல. அது முடிஞ்சா நிலம் யாருக்குன்னு தெரியும். தலைமுறை தலைமுறையா தேயிலை பறிச்சவங்களுக்கு என்ன செய்யணும்னு அது சொல்லாது. அது நியாயக் கேள்வி. தனியா பதில் வேணும்.

'பாவம், ஆகவே அங்கேயே இருக்கட்டும்'னு சொன்னாலும் அதே ஓட்டைதான். இரக்கப்பட்டா காடு காடு இல்லாம போயிடுமா?

இனி யாராவது 'ஆகவே'ன்னா, நடுவுல விட்டுப்போன வரி என்னன்னு கேட்டுட்டுத்தான் தலையாட்டணும்.