காற்று நின்ற அரை மணிநேரம்

நவம்பர் பிறந்துவிட்டால் வளிமண்டலவியல் திணைக்களத்தின் அறிக்கைகளை ஒன்றுக்கு இரண்டு தடவை வாசிப்பது என் வழக்கம். தொழிலால் வந்த பழக்கம் என்று நண்பர்கள் எண்ணுகிறார்கள். உண்மையில் அது ஒரு பழைய கடன்.

1978 நவம்பர் 23ஆம் திகதி மட்டக்களப்பைச் சூறாவளி தாக்கியபோது எனக்கு எட்டு வயது. நகருக்குத் தெற்கே, கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய மணற்பரப்பில் இருந்தது எங்கள் கிராமம். மாலையில் வடக்கிலிருந்து எழுந்த காற்று, இருட்டியதும் கூரை ஓடுகளைப் பிய்த்தெறியத் தொடங்கியது. பதினொரு பேர் ஓர் அறையில், கட்டிலின் கீழும் மேசையின் கீழுமாக ஒடுங்கிக் கிடந்தோம். தென்னைகள் முறியும் ஓசை ஓயாமல் கேட்டுக்கொண்டிருந்தது.

பின்னர் திடீரென்று காற்று நின்றது. மழையும் விட்டது. மாட்டைப் பார்த்து வருவதாகச் சொல்லி மாமா எழுந்தார்.

"மனே, போகாத. காத்து மற்றப் பக்கத்தால திரும்பி வரும்" என்றார் அம்மம்மா. தன் தாயாரிடம் கேட்ட பழைய சூறாவளிக் கதை அவருக்கு நினைவில் இருந்தது.

"எல்லாம் முடிஞ்சுது அம்மா. வானத்தில வெள்ளியும் தெரியுது" என்றபடி மாமா லாந்தரோடு வெளியே போனார்.

அரை மணிநேரம் கழிந்திருக்கும். தெற்கிலிருந்து காற்று வந்தது. விடிந்த பின்னர், கொட்டிலுக்கு அருகே விழுந்து கிடந்த தென்னையின் கீழ் அவரைக் கண்டெடுத்தோம்.

அம்மம்மா சொன்னது மூடநம்பிக்கையல்ல என்பதைப் பல்கலைக்கழக நூலகத்தில் அறிந்துகொண்டேன். சூறாவளியின் நடுவே 'கண்' எனப்படும் அமைதியான பகுதி உண்டு. நமது வட அரைக்கோளத்தில் காற்று அதனை இடஞ்சுழியாகச் சுற்றுகிறது. எனவே கிழக்கிலிருந்து வரும் சூறாவளியில் முதலில் வடக்குக் காற்று வீசும். கண் கடந்ததும் காற்று தெற்கிலிருந்து வீசும். முதற்காற்றில் ஆட்டங்கண்ட மரங்களையும் சுவர்களையும் இரண்டாவது காற்று வீழ்த்துகிறது. மையத்துக்கு வடக்கேயுள்ள கரையில் காற்று கடல்நீரைத் தரைக்குள் தள்ளுகிறது. 1978இல் தொள்ளாயிரத்துக்கும் அதிகமானோர் மாண்டனர். அவர்களுள் எத்தனை பேர் அந்த இடைவெளியில் வெளியே வந்தவர்களோ?

இத்தனையும் அறிந்திருந்த நான் 2000 டிசெம்பரில் செய்தது என்ன? அப்போது கொழும்பில் ஒரு பத்திரிகையின் செய்திப்பிரிவில் உதவி ஆசிரியராக இருந்தேன். கிழக்குக் கரையை நோக்கிச் சூறாவளி வருவதாக அறிவித்தல் வந்தது. போர்க்காலம், முதற்பக்கத்துக்குச் செய்திப் பஞ்சமில்லை. அறிவித்தலை ஆறு வரியாகச் சுருக்கி உட்பக்கத்தின் அடியில் வைத்தேன். காற்றின் வேகம் இருந்தது. மீனவர்கள் கடலுக்குச் செல்லக்கூடாது என்பதும் இருந்தது. கண்ணைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. 26ஆம் திகதி அது திருகோணமலைக்கு அருகே கரையைக் கடந்தது. இடம்பெயர்ந்து தகரக் கொட்டில்களில் வாழ்ந்த மக்கள்மேல் அந்தக் காற்று அடித்தது. என் ஆறு வரியை எவராவது வாசித்தார்களா என்பது தெரியாது. வாசித்திருந்தாலும் மாமாவைப் போன்ற ஒருவரை அது வீட்டுக்குள் நிறுத்தியிராது.

2025 நவம்பர் இறுதியில் 'டித்வா' வந்தபோது உயிர்ப்பலி அறுநூறைத் தாண்டியது. இம்முறை கொன்றது காற்றல்ல, மழை. கடலைக் கண்டிராத மலையகக் கிராமங்கள் நள்ளிரவில் மண்ணுக்குள் புதைந்தன. 'சூறாவளி' என்றதும் கரையோரத்தவர்தான் அஞ்சவேண்டும் என்று பலரும் நினைத்திருந்தோம். ஒரே சொல் ஓரிடத்தில் காற்றையும் வேறோரிடத்தில் கடலையும் இன்னோரிடத்தில் மலைச்சரிவையும் குறிக்கிறது. எது எங்கே வரும், எவர் எப்போது எங்கே போகவேண்டும் என்பதைச் சொல்லாத எச்சரிக்கை பாதி எச்சரிக்கையே. அதையும் அந்த மக்கள் பேசும் மொழியில், இருட்டுவதற்கு முன்னர் சொல்லவேண்டும்.

இப்போது சூறாவளிச் செய்தி எதுவாயினும் அதன் அடியில் மூன்று வரிகளை நானே சேர்க்கிறேன். மூன்றாவது வரி எப்போதும் ஒன்றுதான்: காற்று திடீரென நின்றால் வெளியே வராதீர்கள்.

"இடமில்லை அண்ணே" என்று பக்கம் வடிவமைக்கும் தம்பி முணுமுணுப்பார்.

தலைப்பைச் சிறிதாக்குங்கள் என்பேன்.