விதைக்கென்று வைத்தது

உருளைக்கிழங்கை எங்கள் அயலூர்ச் சிங்களவர்கள் 'அர்த்தாபல்' என்பார்கள். ஒல்லாந்தரின் 'ஆர்டப்பல்' என்ற சொல்லிலிருந்து வந்தது அது. நிலத்து அப்பிள் என்று பொருள். பெயரைப் போலவே விதைக்கிழங்கும் பல ஆண்டுகளாக ஒல்லாந்திலிருந்து கப்பலில் வந்திருக்கிறது. வெலிமடைப் பக்கத்தில் பெரிய அளவில் செய்கை பண்ணுவோர் அந்த விதைக்காகக் காத்திருப்பார்கள். வீட்டுக்குப் பின்னால் நாலு பாத்தி போடும் எங்களுக்கோ, முந்திய முறை தோண்டிய கிழங்குதான் விதை.

அந்த விதையைப் பலரும் கடைசியில்தான் நினைக்கிறார்கள். பெரியதை விற்று, நடுத்தரத்தைக் கறிக்கு எடுத்து, மிஞ்சிய குண்டுமணிகளை விதைக்கு ஒதுக்குவார்கள். நோய்ப்பட்ட செடியின் கிழங்குகள் பெரும்பாலும் சிறுத்தே போகும். வைரசு அந்தக் கிழங்குக்குள் தங்கியிருந்து அடுத்த செடிக்கும் போய்ச்சேரும். உம்மா பள்ளிக்கூடத்தில் அதிகம் படித்தவரல்லர். ஆனால், செடி பச்சையாக நிற்கும்போதே பார்த்து, இலை சுருளாத, வாடாத செடிகளுக்குப் பக்கத்தில் குச்சி நாட்டி வைப்பார். அவற்றின் முட்டையளவுக் கிழங்குகளே எங்கள் வீட்டில் விதை.

தோண்டிய கிழங்கு இரண்டு மூன்று மாதம் உறங்கும். பிறகு கண் விழிக்கும்போது இருட்டில் கிடந்தால் முளை வெளுத்து நீண்டு, தொட்டாலே முறியும். வெயில் நேராகப் படாத, வெளிச்சமும் காற்றும் உள்ள இடத்தில் ஒற்றை அடுக்காகப் பரப்பினால் முளை குட்டையாய், தடிப்பாய் வரும். நுனிக்கண்ணின் முளை மற்றக் கண்களை அடக்கிவைக்கும். அதைக் கிள்ளிவிட்டால் மற்றவையும் எழும். முன்வாங்குப் பிள்ளை சற்று வாய்மூடினால் பின்வாங்கில் கைகள் உயர்வதை நாங்கள் வகுப்பில் காண்பதில்லையா?

வெளிச்சம் இன்னொன்றும் செய்யும். கிழங்கின் தோல் பச்சையேறும். சொலனின் என்ற நச்சும் உள்ளே கூடும். அதன்பின் அது கறிக்கு உதவாது.

2022ஆம் ஆண்டு ஜூனில் பன்னிரண்டு கிலோவளவு விதை ஒதுக்கியிருந்தோம். முந்திய ஆண்டின் இரசாயன உரத்தடை விளைச்சலைத் தின்றிருந்தது. அரச ஊழியர்கள் வீட்டுத்தோட்டம் செய்யட்டுமென்று வெள்ளிக்கிழமை விடுமுறை அறிவித்தார்கள். ஜூலையில் எரிபொருள் இல்லாமல் பாடசாலைகள் மூடிக்கிடந்தன. அரிசிப் பேணி அடி தெரிந்த ஒரு நாள் என் மனைவி கேட்டாள்:

"மாமி, புள்ளைகளுக்கு இத அவிச்சிக் குடுத்தா நாலு நாளைக்கி வருமே?"

"கப்பல் வராட்டி விதைக்கி எங்க போற மகள்?" என்றார் உம்மா.

இருவரில் யாரையும் பிழை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஒருத்தி அந்தக் கிழமையைக் கணக்கிட்டாள். மற்றவர் ஒக்டோபரைக் கணக்கிட்டார். மறுநாள் காலை உம்மா பெட்டியைத் திறந்து கிழங்குகளைத் திண்ணையில் பரப்பினார். முளைவிட இன்னும் காலமிருந்தது. இரண்டு கிழமைக்குள் எல்லாம் பச்சையாகிவிட்டன.

"இனி யாருக்கும் இதக் கறிக்கிக் கேக்க ஏலா" என்றார்.

அந்த மாதங்களைப் பலாக்காயும் மரவள்ளியும் கடத்திவிட்டன.

ஒக்டோபரில் நட்டோம். தக்காளியோ கத்தரியோ நிற்காத நிலமாகப் பார்த்தோம். அவையும் ஒரே குடும்பம், நோயும் பொது. கிழங்குகளை முழுசாகவே வைத்தோம். மிகப் பெரியவற்றை மட்டும் துண்டுக்கு இரண்டு கண்ணாவது இருக்கும்படி வெட்டினோம். பக்டீரியா வாடல் கத்தியோடு பயணம் செய்யும் என்பதால் ஒவ்வொரு கிழங்குக்குப் பின்னும் கத்தியைக் கொதிநீரில் முக்கினேன். வெட்டுவாய் காயும்வரை நிழலில் விட்டு, இரண்டடி வரிசையில் ஒரு சாண் இடைவெளிக்கு, முளை மேல்நோக்க வைத்து மண் அணைத்தோம்.

2023 ஜனவரியில் ஐம்பது கிலோவுக்குச் சற்று மேல் கிடைத்தது. பிள்ளைகள் சட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். இம்முறை குச்சி நாட்டிய செடிகளை முதலில் தோண்டித் தனியே பெட்டியில் அடுக்கியவள் என் மனைவி. மிச்சம்தான் அடுப்புக்குப் போனது.