மணமானவள் என்றே எழுதினோம்

வெளிநாட்டு மாப்பிள்ளைக்குப் பெண் கொடுத்த குடும்பங்கள் நம் சங்கத்தில் பல உண்டு; அவர்களுக்காகவே இதை எழுதத் துணிந்தேன்.

என் தங்கைக்கு 2023 தை மாதம் விவாகம் நடந்தது. மாப்பிள்ளை கனடாவில், டொராண்டோ நகரில் உத்தியோகம் பார்ப்பவர், அந்நாட்டின் நிரந்தரவாசி. இருபதாம் நாளே விமானம் ஏறிவிட்டார். தங்கை விஸிட்டர் விசாவில் சென்று, அங்கிருந்தபடியே மனைவி என்ற முறையில் நிரந்தர வாசத்துக்கு மனுச் செய்வதென்று தீர்மானித்தார்கள்.

மாதுங்காவில் ஓர் ஏஜெண்டிடம் போனோம். "மணமாகாதவள் என்று எழுதுங்கள். கணவன் அங்கிருப்பது தெரிந்தால், திரும்ப மாட்டாள் என்று மறுத்துவிடுவார்கள்" என்றார் அவர். அம்மா உடனே தலையசைத்தாள்.

எனக்கு மனம் ஒப்பவில்லை. என்னை அரிச்சந்திரன் என்று யாரும் எண்ண வேண்டாம். பதினான்கு வருஷமாக ரயில்வேயில் காகிதத்தோடு காகிதத்தை ஒப்பிட்டே வயிறு வளர்ப்பவன் நான். நாளை மனைவி என்று மனுச் செய்கையில் கல்யாணச் சான்றிதழை வைத்தாக வேண்டும். அதில் தேதி இருக்கும். இன்றைய படிவமும் அதே இலாகாவில் கிடக்கும். இரண்டையும் ஒரு குமாஸ்தா அருகருகே வைத்தால் போதும். பொய் சொன்னதற்கு ஐந்து வருஷம் நுழைவுத் தடை. மேலும், நிரந்தரமாய் வாழ விரும்புகிறவர் தற்காலிகமாக வருவதற்கு அந்த விருப்பமே தடையாகாது என்று அந்நாட்டுக் குடியேற்றச் சட்டத்தின் 22-ஆம் பிரிவே சொல்கிறது. தவணை முடிந்தால் வெளியேறுவார் என்று அதிகாரி நம்ப வேண்டும், அவ்வளவுதான். பின் மறைப்பானேன்?

உள்ளதை எழுதினோம். மறுத்துவிட்டார்கள்.

அம்மா என்னோடு பேச்சை நிறுத்தினாள். பரிமாறும்போதுகூடத் தங்கையைப் பார்த்து, "உன் அண்ணனுக்கு ரசம் வேண்டுமா, கேள்" என்பாள். ரசம் வேண்டாமென்று எழுந்துபோன இரவுகள் உண்டு. நான் செய்தது பிசகோ என்று ஐயுற்ற இரவுகளும் அவையே.

ஐந்து மாதம் கழித்து மீண்டும் விண்ணப்பித்தோம். தங்கை வேலை பார்த்த பள்ளியின் விடுப்புக் கடிதம், திரும்பி வரும் டிக்கெட், மாப்பிள்ளையின் அழைப்புக் கடிதம் யாவும் இணைத்தோம். விசா வந்தது.

டொராண்டோ விமான நிலையத்தில் அதிகாரி, "நிரந்தர வாசம் மறுக்கப்பட்டால் என்ன செய்வாய்?" என்று கேட்டாராம். "திரும்பிப் போவேன்" என்றாளாம். ஆறு மாதம் தங்க அனுமதித்தார். அந்தத் தவணைக்குள் அங்கேயே மனுச் செய்தாள். வேலை அனுமதியும் பின்னர் கிடைத்தது.

2025 ஆவணியில் அம்மாவுக்குக் கண்புரை அறுவை. மனு அப்போதும் முடிவாகவில்லை. இடையில் வெளியே வந்தால் மறுபடி உள்ளே விடுவார்கள் என்பது நிச்சயமில்லையாதலால் தங்கை வரவில்லை. கட்டவிழ்த்த அன்று அம்மா கைப்பேசியில் அவள் முகத்தை வெகுநேரம் பார்த்தாள். பிறகு என் பக்கம் திரும்பி, "இளைத்துப் போயிருக்கிறாளடா" என்றாள்.