மிச்சமான நேரம் எங்கே போயிற்று?

உங்கள் வீட்டில் யாருக்காவது யந்திரப் பித்து உண்டா? கடைக்குப் புளி வாங்கப் போய், மிக்ஸியைத் தட்டிப் பார்த்துவிட்டு வெறுங்கையோடு திரும்புகிற ஆசாமி? பெரும்பாலான வீடுகளில் அது புருஷர்களைப் பிடிக்கிற வியாதி. எங்கள் வீட்டில் பிடித்திருப்பது என்னைத்தான்.

மற்றவர்கள் தொடர்கதைக்குக் காத்திருப்பது போல, புதுச் சாமானோடு வரும் விளக்கப் புத்தகத்துக்காக நான் காத்திருப்பேன். கடையில் விற்பனைப் பையன் எல்லா விவரத்தையும் என் கணவரைப் பார்த்தே ஒப்பிப்பான். அவர் சாவதானமாக, “எனக்குச் சொல்லிப் பிரயோசனம் இல்லை, தம்பி, பரீட்சை எழுதப் போகிறவங்க அங்கே நிக்கறாங்க” என்று என்னைக் காட்டுவார்.

பித்து என்றாலும் எனக்கென்று சில அபிப்பிராயங்கள் உண்டு. சாதாரண மின்விசிறி ஏறக்குறைய 75 வாட் தின்கிறது, பி.எல்.டி.சி. மோட்டார் வைத்த விசிறி அதே காற்றை ஏறக்குறைய 30 வாட்டில் தருகிறது. விலை கூடுதல்தான், ஆனால் நம் ஊர் வெயிலுக்கு விசிறி ஓயாமல் சுற்றுவதால், கொடுத்த பணம் கரண்டு பில்லில் மெல்லத் திரும்பி வந்துவிடும். வாங்கலாம். பேச்சைக் கேட்டு விளக்குப் போடும் பெட்டி வேண்டாம். என் தமிழ் அதற்குப் புரிவதற்குள் எழுந்து போய் நாலு தடவை ஸ்விட்சைத் தட்டிவிடலாம். பதினைந்து விதமாகத் துவைக்கும் சலவை யந்திரத்துக்காகக் கூடுதல் பணமும் வேண்டாம். பதினைந்தில் எந்த இரண்டை நீங்கள் உபயோகிக்கிறீர்கள் என்பது உங்களுக்கே தெரியும்.

இப்படி ஊருக்கெல்லாம் யோசனை சொல்லிக்கொண்டிருந்த என்னை ஒரு டாக்டரம்மாள் ஒரே கேள்வியில் மடக்கிவிட்டார். அதைச் சொல்லத்தான் இன்று உட்கார்ந்தேன்.

*

என் அம்மா கும்பகோணத்தில் வாழ்ந்தவள். அப்பா காலமான பிறகு, நாலு வருஷத்துக்கு முன் எங்களோடு சென்னைக்கு வந்தாள். ஆட்டுக்கல்லில் மாவு அரைத்து, கிணற்றடிக் கல்லில் துணி துவைத்து, ஐந்து பேருக்குச் சமைத்துப் போட்ட கைகள். “இனிமேல் நீ ஒரு வேலையும் செய்யக்கூடாது, அம்மா” என்று சொல்லி, அந்த வாக்கைக் காப்பாற்ற யந்திரங்களாக வாங்கிக் குவித்தேன். டேபிள் கிரைண்டர் வந்தது. நிமிஷத்துக்கு 1,200 சுற்றுச் சுற்றிப் பிழிகிற சலவை யந்திரம் வந்தது. அது வந்த மாதமே, துணி துவைக்க வந்துகொண்டிருந்த பெண்மணியை நிறுத்திவிட்டேன். வீட்டுக்கு லாபம் என்று பெருமையாகக் கணக்கும் எழுதினேன்.

போன வருஷம் ஐப்பசியில் அம்மாவுக்கு வலது தோளில் வலி கண்டது. முதலில் தைலம் தடவிக்கொண்டாள். பிறகு ஒரு நாள் தலைமுடியை முடிந்துகொள்ளக் கை எட்டாமல், கண்ணாடி முன் நின்று இடது கையால் தடுமாறிக்கொண்டிருப்பதைப் பார்த்தேன். அன்றைக்கே டாக்டரிடம் அழைத்துப் போனேன்.

டாக்டரம்மாள் கையைத் தூக்கச் சொன்னார். காதுவரை வந்து நின்றுவிட்டது.

“வீட்டிலே பளுவான வேலை ஏதாவது செய்யறாங்களா?”

நான் முந்திக்கொண்டேன். “ஒரு வேலையும் கிடையாது, டாக்டர்! துணி, மாவு எல்லாவற்றுக்கும் மெஷின் இருக்கிறது.”

அவர் என்னைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார். அம்மா சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“சரி. மெஷினிலிருந்து கொடிவரைக்கும் துணியை யார் கொண்டு போறது?”

எனக்குப் பதில் வரவில்லை.

*

நேயர்களே, யந்திரத்தைப் பற்றி எனக்குத் தெரியாதது இல்லை. எத்தனை லிட்டர் தண்ணீர், எத்தனை வாட், எவ்வளவு நேரம் ஓடும், எல்லாம் மனப்பாடம். ஆனால் யந்திரத்தின் வேலையை அளந்தேனே தவிர, அதைச் சுற்றியிருக்கும் கைகளின் வேலையை ஒரு நாளாவது அளந்ததில்லை.

ஆகவே ஒரு வாரம் லீவு எடுத்துக்கொண்டு, அம்மாவை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு, கடிகாரமும் நோட்டுப் புத்தகமுமாக நானே இறங்கினேன்.

சலவை யந்திரம் ஓடுவது 58 நிமிஷம். அது அதன் பாடு. மனுஷர் பாட்டைக் கேளுங்கள். அழுக்கைச் சேர்த்து, பையனின் பைகளைத் துழாவி, வெளுப்பு வேறு சாயம் வேறாகப் பிரித்துப் போட 12 நிமிஷம். ஏழெட்டுக் கிலோ ஈரத்துணி வாளியைத் தூக்கிக்கொண்டு இரண்டு மாடி ஏறி, தலைக்கு மேலிருக்கும் கொடியில் உதறி உலர்த்த 18. எடுத்து வர 8. மடித்து அவரவர் அலமாரியில் வைக்க 27. ஆக மொத்தம் 65 நிமிஷம். யந்திரத்தைவிட மனுஷிக்கு 7 நிமிஷம் அதிகம்!

இதோடு போயிற்றா? ஆள் வைத்துத் துவைத்த நாளில் எங்கள் வீட்டில் வாரத்துக்கு இரண்டு சலவை. யந்திரம் வந்த பிறகு ஆறு. ‘போட்டால் தோய்த்துவிடுகிறது’ என்று ஒரு மணி நேரம் உடுத்திய சட்டையைக்கூடக் கூடையில் போடப் பழகிவிட்டோம். ஆறு சலவைக்கு ஆறரை மணி நேரம். நான்கு வருஷமாக அதைச் செய்தவள், ‘ஒரு வேலையும் இல்லாத’ என் அம்மா.

கிரைண்டரின் கதை அவ்வளவு மோசமில்லை. கோயமுத்தூர் நமக்குத் தந்த அந்த யந்திரத்துக்கு நான் இன்றும் கும்பிடு போடுவேன். ஆட்டுக்கல்லில் குழவியைச் சுழற்றிய பெண்களின் முதுகு அறியும் அதன் அருமை. ஆனால் அங்கேயும் பாருங்கள்: வாரம் ஒரு நாள் இட்லியாக இருந்தது, மாவு எப்போதும் பிரிஜ்ஜில் இருக்க வேண்டும் என்று ஆகிவிட்டது. அரைக்கிறது யந்திரம். கல்லைத் தூக்கி எடுத்து, மாவை வழித்து, பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்ப்பது யார்?

அன்று இரவு அம்மாவிடம், “ஏன் சொல்லவில்லை?” என்று கேட்டேன்.

“மெஷின் வந்து இறங்கின அன்னிக்கு உன் மூஞ்சியிலே அத்தனை சந்தோஷம். அதைப் போய்க் கெடுப்பானேன்னு இருந்துட்டேன்டி” என்றாள்.

எனக்கு அப்போது வந்த அழுகையை விவரிக்கப் போவதில்லை.

*

இன்னொன்றும் புரிந்தது. துணி மடிக்கும்போது அம்மா ரேடியோ வைத்துக்கொள்வாள். மாலையில் ஆபீசிலிருந்து வந்து பார்த்தால், பக்கத்தில் பாட்டு ஓடிக்கொண்டிருக்கும். ‘அம்மா ஹாயாக ரேடியோ கேட்கிறாள்’ என்று நான் நினைத்துக்கொள்வேன். சென்னை வானொலி 1938-ம் ஆண்டில் வந்தது. டெலிவிஷன் 1975-ல் வந்தது. ரேடியோ காதை மட்டும் கேட்டது. டெலிவிஷன் கண்ணையும் கேட்டது. இப்போது கையில் இருக்கும் போன் கையையே கேட்கிறது. அதனால்தானோ என்னவோ, வீட்டில் போன் பார்ப்பவர்களுக்கு ஒரு துண்டை மடிக்கக்கூடக் கை ஒழிவதில்லை. ரேடியோ கேட்பவளுக்கு இரண்டு கையும் ஒழிவு என்று நாமே தீர்மானித்துவிடுகிறோம்.

இது எங்கள் வீட்டுக் கதை மட்டும் அல்ல. அமெரிக்காவில் ரூத் ஷ்வார்ட்ஸ் கோவன் என்ற சரித்திர ஆசிரியை 1983-ல் இதைப் பற்றி ஒரு புத்தகமே எழுதினார். ‘அம்மாவுக்கு இன்னும் அதிக வேலை’ என்பது அதன் தலைப்பின் பொருள். யந்திரம் வந்ததும் சுத்தத்தின் அளவுகோல் உயர்ந்தது; ஆண்களும் பிள்ளைகளும் கூலியாட்களும் செய்துவந்த பங்கு, குடும்பத் தலைவியின் தலையிலேயே வந்து சேர்ந்தது என்கிறார். துணிக்கு வந்தவரை நிறுத்திய என் சாமர்த்தியம் ஞாபகம் வருகிறதா?

நம் நாட்டுக் கணக்கும் இருக்கிறது. மத்திய சர்க்கார் 2019-ல் எடுத்த நேரக் கணக்கெடுப்பில், வீட்டு வேலை செய்கிறவர்களில் பெண்களுக்கு ஒரு நாளைக்குச் சராசரி 299 நிமிஷம், ஆண்களுக்கு 97. மறுபடி 2024-ல் எடுத்தபோது பெண்களுக்கு 289, ஆண்களுக்கு 88. ஐந்து வருஷத்தில் பெண்களுக்குப் பத்து நிமிஷம் மிச்சமாயிற்று. ஆண்களும் பின்தங்கவில்லை; ஒன்பது நிமிஷம் மிச்சப்படுத்திக்கொண்டார்கள்!

*

எங்கள் வீட்டில் இப்போது புது ஏற்பாடு. சலவை வாரத்துக்கு மூன்று நாள்தான். வாளியைத் தூக்கி மொட்டை மாடியில் உலர்த்துவது என் கணவர். முதல் நாள் பின்னிரவுவரை யோசித்துவிட்டு, “மடிக்கிறதுக்கு மெஷின் கிடையாதா?” என்று கேட்டார். ஜப்பானில் ஒரு கம்பெனி அப்படி ஒன்று செய்து காட்டியது. பீரோ அளவு இருந்த அது, ஒரு பனியனை மடிக்கவே சில நிமிஷம் எடுத்துக்கொண்டது. கம்பெனி 2019-ல் திவாலாயிற்று என்று சொன்னேன். “அடடா, பாவம்” என்று மனப்பூர்வமாக வருந்தினார். ஆகவே மடிப்பதும் அவரும் நானுமாகத்தான். பதினொரு வயதுப் பையன் தன் துணியைத் தானே மடிக்கிறான். மடிப்பு, சமோசா போல இருக்கிறது. இருக்கட்டும். கிரைண்டர் ஞாயிற்றுக்கிழமை மட்டும்; கல்லைத் தூக்குவது நான்.

சாயங்காலம் ஆறிலிருந்து ஏழுவரை அம்மாவின் நேரம். “என்ன செய்யப் போறே?” என்று ஆவலாகக் கேட்டேன். கோயிலா, புத்தகமா, பின்னலா?

“ஒண்ணும் பண்ணப் போறதில்லை” என்றாள்.

பால்கனி நாற்காலியில் உட்காருவாள். முதல் வாரம் கைகள் சும்மா இருக்க மறுத்தன. புடவைத் தலைப்பை எடுத்து மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தன. மூன்றாவது வாரம் மடியில் அசையாமல் கிடந்தன. தை பிறந்த ஒரு நாள், தெருவில் போன பழைய சிநேகிதியைக் கண்டு, ‘இங்கே வா’ என்று கையை உயர்த்தி ஆட்டினாள். வலது கையை! காதைத் தாண்டி, தலைக்கு மேலே.

என் யந்திரப் பித்து தெளிந்துவிட்டதாக நினைக்காதீர்கள். அடுத்த மாதம் பாத்திரம் கழுவும் யந்திரம் பார்க்கப் போகிறேன். விலை, வாட், தண்ணீர் எல்லாம் வழக்கம்போல விசாரிப்பேன். ஆனால் கிளம்புவதற்கு முன் வீட்டிலேயே எல்லாரையும் கூட்டி ஒன்று கேட்டு முடிவு செய்தாக வேண்டும்: பாத்திரத்தை அடுக்குவது யார், எடுத்து வைப்பது யார்?

நீங்களும் கேட்டுப் பாருங்கள். அப்போது உங்கள் வீட்டில் யார் காலண்டரைப் பார்க்கிறார்கள் என்பதையும் கொஞ்சம் கவனியுங்கள்.