மாலத்தீவில் ஒரு மிஸ்

"மாலத்தீவுக்கா? நடத்துடா ராஜா!" என்று நண்பர்கள் கண்ணடித்தார்கள். நான் போனது அக்காவைப் பார்க்க, சாமி! அங்கே ஒரு தீவுப் பள்ளிக்கூடத்தில் வாண்டுகளுக்கு இங்கிலீஷ் டீச்சர்.

திருவனந்தபுரத்திலிருந்து மாலேவுக்கு விமானம், அப்புறம் படகு. (அவர்கள் பாஷையிலும் அது 'தோணி'தான்!) சுமார் 1,200 தீவுகளில் ஜனங்கள் குடியிருப்பது 200-க்குள். அக்காவின் தீவை அரை மணியில் நடந்தே சுற்றிவிட்டேன். வார லீவு வெள்ளி, சனி.

பிள்ளைகள் இங்கிலீஷை இடமிருந்து எழுதுகிறார்கள். அடுத்த பீரியடில் தாய்மொழி திவேஹியை வலமிருந்து! பற்று எந்தப் பக்கம், வரவு எந்தப் பக்கம் என்றே திணறிய பி.காம். நான். வாயடைத்துப் போனேன்.

என்னோடு வந்தது அக்கா மகள், ஐந்து வயசு. வீட்டுக் கடன் அடைகிறவரை நாகர்கோவிலில் பாட்டியிடம்தான் வாசம். அவளுக்கு லீவு, அங்கே வகுப்பு நடந்துகொண்டிருந்தது. கடைசி பெஞ்சில் உட்கார வைத்தாள் அக்கா. "அம்மா... அம்மா..." என்று கூப்பிட்டுப் பார்த்தது குழந்தை. அந்தக் கூச்சலில் யார் காதில் விழும்? பக்கத்துப் பையனைக் கவனித்தது. கையைத் தூக்கி, "மிஸ்!" என்றது. அக்கா சட்டென்று திரும்பினாள்.

அன்றிலிருந்து கடற்கரையிலும் மிஸ், சாப்பாட்டிலும் மிஸ். நாலாம் நாள் ராத்திரி மீன் குழம்பை ஊற்றிக்கொண்டே அக்கா சொன்னாள்: "ஊருக்குப் போறவரைக்குமாவது அம்மான்னு கூப்பிடேன்டி."